கணிப்பொறியின் பின்னணிச் சேவைகள்: வேகம் குன்றுவது ஏன்? நிறுத்துவது எங்ஙனம்?

சங்கக் காரியாலயத்துக்குக் கடன் தவணை செலுத்தவோ, புதுக் கடனுக்கு மனுக் கொடுக்கவோ செல்லும் அங்கத்தினர்கள் இக்காலத்தில் அடிக்கடி கேட்கும் மறுமொழி ஒன்றுண்டு. "சிஸ்டம் மெதுவாக இருக்கிறது, சற்று நேரம் உட்காருங்கள்" என்பதே அது. அங்ஙனம் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் சங்கத்தின் பேரேட்டில் எங்கும் பற்று எழுதப்படுவதில்லை. ஆயினும், குருவராஜப்பேட்டையிலிருந்து வந்த நெசவாளிக்கு அது தறி நின்ற நேரம். மோட்டாருக்கு மின்சாரம் வரும் வேளையை விட்டுவிட்டு வந்த கரும்பு விவசாயிக்கு அது பாய்ச்சல் தவறிய நேரம். இந்தத் தாமதத்துக்குக் காரணம் பல சமயங்களில் இணைய இணைப்பும் அன்று; குமாஸ்தாவின் மந்தமும் அன்று. கணிப்பொறி நமக்குத் தெரியாமல் தனக்குத்தானே செய்துகொண்டிருக்கும் வேறு வேலையே காரணமாகும். அவ்வேலை யாது, அதை எப்போது நிறுத்தலாம், எப்போது நிறுத்தலாகாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள இருப்புப்பாதைக்கு அருகில் அமைந்த திரூரில், 1904-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அன்று முதல் நெடுங்காலம் கூட்டுறவுக் கணக்கு என்பது தடித்த பேரேடும் மைப்பேனாவுமாகவே இருந்து வந்தது. பேரேடு மெதுவாக இருந்தது என்று எவரும் குறை கூறியதில்லை. எழுதுபவர் கையின் வேகமே அதன் வேகம். 29-6-2022 அன்று மத்திய அமைச்சரவை, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஐந்தாண்டுகளில் 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே, கணிப்பொறியின் நலம் பேணுவது இனிச் சங்க நிர்வாகத்தின் ஒரு பகுதியே ஆகும். நெசவாளர் இல்லங்களிலும் ஜக்கார்டு டிசைன் போடுவதற்கென்று கணிப்பொறி வாங்கியோர் உளர்; இங்குக் கூறுவன அவர்களுக்கும் பொருந்தும்.

பின்னணிச் சேவை என்பதைத் தறி வீட்டை வைத்தே விளக்கிவிடலாம். தறியில் அமர்ந்து நாடா எறிபவர் ஒருவரே. ஆனால் அவ்வீட்டில் ஒருவர் தார் சுற்றுவார். ஒருவர் அறுந்த இழையைப் பிணைப்பார். ஒருவர் வாயிற்கதவைப் பார்த்துக்கொள்வார். நெய்த சேலை மட்டுமே நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. கணிப்பொறியிலும் திரையில் நாம் காணும் கணக்குப் பதிவு ஒன்றுதான்; அதன் பின்னே அச்சு இயந்திரத்துக்குச் செய்தி அனுப்புவது, நச்சு நிரல்களைக் காவல் காப்பது, கோப்புகளுக்கு அகரவரிசை தயாரிப்பது என எத்தனையோ சிறு நிரல்கள் ஓசையின்றி இயங்குகின்றன. விண்டோஸ் கணிப்பொறியின் சேவைப் பட்டியலைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் தென்படும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருப்பவை, தொல்லை தருவன ஓரிரண்டே.

அந்த ஓரிரண்டு எவ்வாறு முழுப் பொறியையும் நிறுத்திவிடுகின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது. பழைய கணிப்பொறிகளில் தகவல் யாவும் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில் உள்ளன. அது உண்மையிலேயே சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு சிறு கரம் அங்குமிங்கும் நகர்ந்து எழுதியும் படித்தும் வருகிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் கரத்தின் கீழ் வருவதற்குச் சராசரி அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கரம் நகர்வதற்கும் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு நேரமாகும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் தகவல்களாயின் அந்தக் கரத்தால் நொடிக்கு எண்பது இடங்களையோ, சற்றுக் கூடுதலாகவோதான் தொட முடியும். குமாஸ்தாவின் கணக்கு நிரல் ஓரிடத்தைக் கேட்கிறது. அதே கணத்தில் பின்னணிச் சேவை ஒன்று வேறு ஆயிரம் இடங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கரம் ஒன்றுதானே! வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதாகிறது. கணிப்பொறியின் மூளை சும்மா இருக்க, தட்டு மட்டும் திணறும் விந்தை இதுவே. எஸ்எஸ்டி எனப்படும் புதுவகைத் தட்டில் சுழற்சியும் இல்லை, கரமும் இல்லை. அது நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடவல்லது. ஆதலால் அத்தகைய பொறிகளில் இத்தொல்லை பெரும்பாலும் தோன்றுவதில்லை.

சங்கக் கணிப்பொறிக்கென்றே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளைப் பொதுவாக இரவு 2 மணிக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. நாமோ மின்சாரச் சிக்கனம் கருதியும், இடி மின்னலுக்கு அஞ்சியும், மாலையில் பொறியை அணைத்துப் பூட்டிவிடுகிறோம். இரவில் செய்ய வேண்டியிருந்த வேலை மறுநாளுக்குத் தங்கிவிடுகிறது. குமாஸ்தா விசைப்பலகையை விட்டு எழுந்து தேநீர் அருந்தப் போனதும் பொறி, "இப்போது ஓய்வு நேரம்" என்று கருதி அதனைத் தொடங்குகிறது. அவர் திரும்பி வருகையில் திரை அசைய மறுக்கிறது. அரக்கோணம் சந்திப்பில் சரக்கு வண்டியை ஒதுக்குப் பாதையில் நிறுத்தி வைத்து விரைவு வண்டிக்கு வழிவிடுவதை நாம் நித்தம் காண்கிறோம். இரவில் சரக்கு வண்டிக்கு வழியே தராமல் அடைத்து வைத்தால் அது பகலில் விரைவு வண்டியின் பாதையிலேதான் வந்து நிற்கும். ஆதலின், எந்தச் சேவையையும் நிறுத்துமுன், அதற்குரிய நேரத்தை நாம் பறித்துவிட்டோமா என்று வினவுதல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மாலை வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் பொறியை இயங்கவிட்டு, பிறகு அணைப்பது நன்று. நாள்தோறும் காரியாலயத்தைக் கூட்டிப் பெருக்கத் திறக்கும்போதே பொறியையும் இயக்கிவிட்டால், அங்கத்தினர் வருவதற்குள் அதன் காலை அமளி அடங்கிவிடும். காசு செலவில்லாத மருந்து இது. பாதிப் பொறிகள் இதனாலேயே குணமடையும் என்பது எமது துணிபு.

இதன் பின்னும் மந்தம் நீடிக்குமாயின், குற்றவாளி யார் எனக் கண்டறிய வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. டாஸ்க் மானேஜர் என்னும் சாளரம் திறக்கும். அது சுருங்கிய வடிவில் தோன்றினால், கீழே 'மோர் டீடெயில்ஸ்' என்பதை அழுத்தி விரிக்க. சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என நான்கு பத்திகள் காணப்படும். 'டிஸ்க்' என்ற தலைப்பின்மேல் ஒருமுறை அழுத்தினால், மிகுதியாகத் தட்டை உபயோகிக்கும் நிரல் மேலே வந்து நிற்கும். தலைப்பில் நூறு விழுக்காடு எனக் காட்டி, அதன்கீழ் நிரல்கள் யாவும் சேர்ந்து ஓரிரண்டு மெகாபைட் அளவே படித்துக்கொண்டிருந்தால், மேலே சொன்ன கரத்தின் திணறல்தான் அது என்று அறிந்துகொள்ளலாம். ஒருமுறை பார்த்த மாத்திரத்தில் முடிவுக்கு வந்துவிடலாகாது. பொறியை இயக்கிக் கால் மணி கழித்து ஒருமுறை, கூட்டம் மிகுந்த வேளையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என மூன்று நாட்கள் பார்த்து, மேலே நிற்கும் பெயரைக் குறித்து வருக. மூன்று நாளும் ஒரே பெயர் நின்றால் அதுவே நாம் தேடுவது.

பழைய வன்தட்டுப் பொறிகளில் அவ்வாறு அடிக்கடி நிற்கும் பெயர் 'சர்வீஸ் ஹோஸ்ட்: சிஸ்மெயின்' என்பது. இதன் பழம்பெயர் சூப்பர்ஃபெட்ச். விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த இச்சேவை 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இப்புதுப்பெயர் பெற்றது. இதன் தொழில் தார் சுற்றுவதுதான். நாம் எந்த நிரலை எந்த வேளையில் திறப்பது வழக்கம் என்று கவனித்து, நாம் கேட்குமுன்னரே அதனைத் தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. இடம் விசாலமாக உள்ள வீட்டில் முன்கூட்டித் தார் சுற்றி வைப்பது தறிக்கு உபகாரம். ஒற்றை அறையில், தறியை ஒட்டி இராட்டையைப் போட்டுக்கொண்டு சுற்றினால், நெய்பவர் கைக்கும் காலுக்கும் இடைஞ்சல். நாலு ஜிகாபைட் நினைவகமும் பழைய வன்தட்டும் கொண்ட பொறி ஒற்றை அறைக்குச் சமானம். அங்கே சிஸ்மெயினை நிறுத்திப் பார்ப்பது தகும். எஸ்எஸ்டி உள்ள பொறியில் நிறுத்துவதால் பெரும்பாலும் வேறுபாடு தோன்றாது. அதை அப்படியே விட்டுவிடுக.

நிறுத்தும் முறை யாதெனின்: திரையின் கீழுள்ள தேடும் பெட்டியில் 'சர்வீசஸ்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்டு, தோன்றும் பெயரின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தெரிவு செய்க. அகரவரிசைப்படி சேவைகளின் பட்டியல் வரும். அதில் சிஸ்மெயினைக் கண்டு இருமுறை அழுத்துக. முதலில் 'ஸ்டாப்' பொத்தானை மட்டும் அழுத்தி, வேறொன்றையும் மாற்றாமல் வேலையைத் தொடர்க. இது அன்றைக்கு மட்டுமான நிறுத்தம். பொறியை ரீஸ்டார்ட் செய்தால் சேவை தானே திரும்பிவிடும். சோதனைக்கு இதுவே ஏற்றது. இரண்டு மூன்று நாள் இவ்வாறு செய்து பார்த்து, வேகம் கூடியது உறுதியானால் மட்டும், அதே சாளரத்தில் 'ஸ்டார்ட்டப் டைப்' என்ற இடத்தில் 'ஆட்டோமேடிக்' என்றிருப்பதை 'டிஸேபிள்டு' என மாற்றி 'அப்ளை' பொத்தானை அழுத்தலாம். ஒரே சமயத்தில் இரண்டு சேவைகளில் கை வைத்தல் கூடாது. எதனால் நன்மை விளைந்தது, எதனால் தீமை விளைந்தது என்று பிறகு எவராலும் பிரித்தறிய இயலாமற் போகும்.

'விண்டோஸ் சர்ச்' என்பது அடுத்தது. கோப்புகளைத் தேடுவதற்கு அகரவரிசை தயாரிக்கும் சேவை இது. அங்கத்தினர்களின் சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை நகல்களைப் படமெடுத்து ஆயிரக்கணக்கில் சேமித்து வைத்துள்ள பொறியில் இதற்கு ஓயாத வேலை. இதனை அடியோடு நிறுத்துவதைவிட, 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் 'மாடிஃபை' பொத்தானை அழுத்தி அந்த நகல்கள் உள்ள உறையை மட்டும் விலக்கிவிடுவது மேல்.

இனி, விண்டோஸ் அப்டேட். பிழை திருத்தங்களை இணையம் வழியே பெற்றுப் பொருத்தும் சேவை இது. பெரிய திருத்தம் வரும் நாளில் இணைய இணைப்பையும் தட்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளும் என்பது மெய்தான். இதைச் 'சனியன்' என்று பட்டியலில் தேடி நிறுத்திவிடுமாறு அறிவுரை கூறுவோர் ஊர்தோறும் உளர். அந்த அறிவுரையை ஏற்றல் கூடாது. 14-3-2017 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் நாள், வான்னகிரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. அத்திருத்தத்தைப் பொருத்தியிருந்த பொறிகள் தப்பின, பொருத்தாதவை சிக்கின. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அண்டையிலுள்ள ஆந்திரத்தில் காவல்துறையின் கணிப்பொறிகள் சிலவும் அகப்பட்டன. இது கூட்டுறவாளருக்கு எட்டாத செய்தியன்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் பிராந்திய கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளித்து வந்த சி-எட்ஜ் நிறுவனம் இத்தகைய பணய நிரலுக்கு இலக்காகியது. தொற்று பரவாதிருக்கும் பொருட்டு அந்நிறுவனத்தைத் தேசியப் பணப்பட்டுவாடா அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க நேர்ந்தது; ஏறத்தாழ முந்நூறு சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அதனால் பாதிக்கப்பட்டனர். வேகம் குன்றியது என்பதற்காகக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெட்டகச் சாவியை வாயிலில் தொங்கவிடுவோமா?

அப்டேட் சேவையை நிறுத்தாமலே அதனால் வரும் இடையூற்றைக் குறைக்க வழியுண்டு. செட்டிங்ஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட் என்பதன் கீழ் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் சங்கத்தின் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால், அந்நேரத்தில் பொறி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற இடத்தில், பிற கணிப்பொறிகளுடன் திருத்தங்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதியை அணைத்துவிட்டால், நம் இணைப்பு வழியே அயலார் பொறிக்குத் தகவல் போவது நிற்கும். கடன் தவணைக் கெடு நெருங்கி, கூட்டம் மிகும் வாரத்தில் மட்டும் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதைப் பயன்படுத்தி ஒரு வாரம் ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்த நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்தல் அவசியம். அந்த வாரம் கழிந்ததும் ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்க வேண்டும்.

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயர் மேலே நின்றால், அது விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் காவல் நிரல். அதையும் நிறுத்தலாகாது. அது அன்றாடம் சோதனை செய்யும் வேளையைப் பிற்பகல் உணவு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மந்தத்துக்கு வேறொரு காரணம் இங்கே ஒளிந்திருப்பதுண்டு. பொறி வாங்கியபோது இலவசமாக வந்த ஒரு காவல் நிரல் காலாவதியாகிக் கிடக்க, அதன்மேல் வேறொன்றை விலைக்கு வாங்கிப் போட்டிருப்பர். ஒரு வாயிலுக்கு இரு காவலாளிகள். வருவோர் போவோரை விடுத்து ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பர். காலாவதியானதை நீக்கிவிட்டால் பொறி நிமிர்ந்துவிடும்.

வேறு சில பெயர்களையும் தெரிந்து வைத்திருப்பது நலம். 'பிரின்ட் ஸ்பூலர்' நின்றால் பாஸ் புத்தகமும் ரசீதும் அச்சாகா. 'எஸ்க்யூஎல்' என்ற எழுத்துக்கள் பெயரில் வருபவை கணக்கு விவரங்களைத் தாங்கி நிற்பவை. அவற்றை இடைநடுவில் நிறுத்தினால் பதிவு பழுதுபடக்கூடும். கைரேகைக் கருவிக்குரிய 'ஆர்டி சர்வீஸ்' நின்றால் ஆதார் சரிபார்ப்பு நடவாது. இவற்றின் பக்கம் போகவே வேண்டாம். பொதுத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட பொறியாயின், பராமரிப்புப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்காமல் சேவை எதிலும் மாறுதல் செய்தல் முறையன்று.

உண்மையைச் சொல்லப்போனால், சேவைகளைவிடத் தொல்லை மிகுந்தவை நாமே ஏற்றிக்கொண்ட நிரல்கள். அச்சு இயந்திரத்துடன் வந்த விளம்பர நிரல், கைப்பேசியை இணைக்கும் நிரல், எவரோ ஒருவர் பாட்டுக் கேட்பதற்கெனப் போட்ட நிரல் ஆகிய அனைத்தும் பொறி விழித்தவுடன் தாமும் விழித்துக்கொள்கின்றன. டாஸ்க் மானேஜரில் 'ஸ்டார்ட்டப்' என்னும் பகுதிக்குச் சென்று, வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்க. நிரல் நீங்கிவிடாது, அழைத்தபோது மட்டும் வரும்.

பொறியை வேகப்படுத்தித் தருவதாகக் கூறும் இலவச நிரல்களையும், தொலைபேசியில் அழைத்து "உங்கள் கணிப்பொறி மந்தமாக உள்ளது, நாங்கள் இங்கிருந்தே சரி செய்கிறோம்" என்போரையும் நம்பலாகாது. அவர்கள் கேட்கும் எண்ணைக் கூறிய மறுகணம் நம் திரை அவர்கள் கையில். நகைக்கடன் பேரேடு உள்ள பொறியில் இது நேர்ந்தால் விளைவு யாதாகும் என்று விளக்க வேண்டுவதில்லை. அவ்வாறு ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுக்க வாய்ப்புண்டு.

மற்றொரு நுட்பம். மாலையில் 'ஷட் டவுன்' கொடுத்து அணைப்பதால் பொறி முற்றிலும் புதிதாகத் தொடங்குவதாக நாம் கருதுகிறோம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் ஏற்பாடு உள்ளது. அதன்படி சேவைகளின் நிலை தட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீட்கப்படுகிறது. ஆதலால் நேற்றுச் சிக்கிக்கொண்ட சேவை இன்றும் சிக்கியவாறே எழுந்திருக்கும். வாரம் ஒருமுறையேனும் 'ரீஸ்டார்ட்' கொடுத்தல் இதனாலேயே அவசியமாகிறது.

செய்யும் மாறுதல்களுக்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகம் பொறியின் அருகிலேயே இருக்கட்டும். நாள், சேவையின் பெயர், முன்பிருந்த நிலை, மாற்றிய நிலை, மாற்றியவர் கையொப்பம் என ஐந்து பத்திகள் போதும். "சிஸ்மெயின், ஆட்டோமேடிக், டிஸேபிள்டு" என்ற ஒரு வரி இருந்தால், காரியதரிசி மாற்றலாகிச் சென்ற பின்னரும் அடுத்தவர் குழம்பாமல் பழைய நிலைக்குத் திருப்பலாம். தணிக்கைக்கு வருபவர் கேட்டாலும் காட்டலாம்.

இவ்வளவும் செய்தும் பொறி நகராவிட்டால், குற்றம் சேவையில் இல்லை, தட்டில்தான் உள்ளது. நிர்வாக சபையின் அனுமதி பெற்று, பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி தட்டைப் பொருத்துவதே முறை. புதுப்பொறி வாங்குவதைவிட இது குறைந்த செலவில் முடியும். மாற்றுவதற்கு முன் கணக்கு விவரங்களுக்கு இரண்டு நகல் எடுத்து, அவற்றைத் திறந்து பார்த்துச் சரியென உறுதி செய்துகொள்ள வேண்டும். கழற்றிய தட்டைப் பழுதுபார்ப்பவரிடமோ பழைய சாமான் கடையிலோ விட்டுவிடலாகாது. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் நகைக்கடன் விவரமும் அதில் அப்படியே இருக்கும். அது சங்கத்தின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும்.